இன்ஃபேலிபிள்: தவறவே முடியாது என்று சொல்லும் சொல் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் அன்றாட வேலை. சில சொற்கள் ஒரு நொடியில் முடிந்துவிடும். சில சொற்கள் நாள் முழுக்க உட்கார வைக்கும். ‘இன்ஃபேலிபிள்’ இரண்டாவது ரகம். அதைப் பற்றி நண்பர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் இதற்கு என்ன பொருள்?

தவறு செய்ய முடியாத, தவறவே வாய்ப்பில்லாத என்று பொருள்.

‘முடியாத’ என்பதைக் கவனியுங்கள். முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஒரு விபத்துகூட இல்லாமல் ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தவறு செய்யாதவர். ஆனால் அவரால் தவறு செய்யவே முடியாது என்று அவரும் சொல்லமாட்டார், அவர் வீட்டில் இருப்பவர்களும் சொல்லமாட்டார்கள். செய்யவில்லை என்பது நடந்து முடிந்ததைப் பற்றிய பேச்சு. முடியாது என்பது இனி நடக்கப்போவதற்கும் சேர்த்துக் கொடுக்கும் உறுதி. இன்ஃபேலிபிள் அந்த இரண்டாவது வகை. அதனால்தான் அது கனமான சொல். தினசரிப் பேச்சில் மனிதர்களுக்கு அதைச் சூட்டும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எப்படி உச்சரிப்பது?

இன்-ஃபே-லி-பிள். ‘ஃபேமிலி’ என்பதில் வரும் அதே ஃபே. அழுத்தமும் அந்த ஃபே மேல்தான். பெயர்ச்சொல்லாகும்போது இன்ஃபேலிபிலிட்டி.

சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனிலிருந்து. ‘ஃபல்லெரெ’ என்று ஒரு வினைச்சொல். ஏமாற்றுதல் என்று பொருள். அதன் முன் ‘இன்’ சேர்ந்தால் எதிர்மறை, பின்னால் ‘இபிள்’ சேர்ந்தால் இயலும் என்ற பொருள். இடைக்கால லத்தீனில் ‘இன்ஃபல்லிபிலிஸ்’ என்று உருவாகி, 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது.

அதே ஃபல்லெரெயின் பிள்ளைகள் நமக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். பரீட்சையில் ‘ஃபெயில்’ ஆவது, பொய்யான ஒன்றை ‘ஃபால்ஸ்’ என்பது, யார் மேல் ‘ஃபால்ட்’ என்று கேட்பது, தர்க்கத்தில் பிழையான வாதத்தை ‘ஃபேலசி’ என்பது, எல்லாம் ஒரே வேர். கடன் கட்டாமல் ‘டிஃபால்ட்’ ஆவதும் அந்தக் குடும்பம்தான்.

இந்த வினையின் இரண்டு பக்கங்களையும் ஒரே வரியில் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. 1870 ஏப்ரல் 24 அன்று முதல் வத்திக்கான் சங்கம், அதாவது கத்தோலிக்க ஆயர்களின் (பிஷப்புகளின்) பேரவை, வெளியிட்ட ஆவணம் கடவுளைப் பற்றிச் சொல்லும்போது, ‘ஏமாறவும் முடியாதவர், ஏமாற்றவும் முடியாதவர்’ என்கிறது. லத்தீனில் அது ‘நெக் ஃபல்லி நெக் ஃபல்லெரெ போத்தெஸ்ட்’. செயப்பாட்டு வினை ஒன்று, செய்வினை ஒன்று. தானும் ஏமாறாது, உன்னையும் ஏமாற்றாது: இன்ஃபேலிபிள் என்ற சொல்லுக்குள் இருக்கும் வாக்குறுதி இவ்வளவும்தான்.

‘ஃபால்’, அதாவது விழுதல், இதற்கு உறவா?

காதுக்கு அப்படித் தோன்றும். ஆனால் ‘ஃபால்’ ஆங்கிலத்தின் சொந்த ஜெர்மானியச் சொல்; இது லத்தீனிலிருந்து வந்தது. வந்த வழி வேறு.

ஏமாற்றுவது வேறு, தவறு செய்வது வேறு ஆயிற்றே? இரண்டும் எப்படி ஒரே சொல்லானது?

எனக்கும் இதுதான் புரியாமல் இருந்தது. இதற்கு விளக்கம் தமிழிலேயே கிடைக்கிறது.

‘மழை பொய்த்துவிட்டது’ என்று சொல்கிறோம். மழை யாரிடம் என்ன பொய் சொன்னது? ஆடியில் விதை போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவர் காத்திருக்கிறார். மேகம் கூடுகிறது, காற்றுகூட ஈரமாக வீசுகிறது, அப்புறம் ஒன்றும் இல்லாமல் கலைந்துபோகிறது. நம்பிக் காத்திருந்தவருக்கு அது வெறுமனே வராமல் போன மழை இல்லை. ஏமாற்றிவிட்டுப் போன மழை. ஆகவே பொய்த்தது. வர வேண்டியது வராமல் போவதையும், சொன்னது உண்மையில்லாமல் போவதையும், தமிழ் ‘பொய்’ என்ற ஒரே சொல்லால் சொல்கிறது. லத்தீன் ஃபல்லெரெயும் அதையேதான் செய்தது. இரண்டு மொழிக்கும் ரத்த உறவு எதுவும் கிடையாது. ஆனால் ஒன்றை நம்பி நின்று கைவிடப்பட்ட மனிதர் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்.

திருக்குறளின் 13ஆம் குறள் ‘விண்இன்று பொய்ப்பின்’ என்று தொடங்குகிறது. மழை பொய்த்தால் பசி உள்ளே நின்று வருத்தும் என்கிறார் வள்ளுவர். பட்டினப்பாலையில் இன்னும் அழகு: ‘வான்பொய்ப்பினும் தான்பொய்யா மலைத்தலைய கடற்காவிரி’. வானமே பொய்த்தாலும் காவிரி பொய்க்காது. இன்ஃபேலிபிள் என்ற சொல்லைத் தமிழில் ஒருவர் எப்போதோ எழுதிவிட்டார் என்றே இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். அங்கே ‘தவறு’ என்ற பேச்சே இல்லை. நம்பினவரைக் கைவிடாது, அவ்வளவுதான்.

அப்படியானால் ‘பொய்யா’ என்பதே சரியான மொழிபெயர்ப்பா?

பொருளின் ஆழத்துக்கு அதுதான் மிக அருகில் வருகிறது. திருக்குறளுக்கே பொய்யாமொழி என்று ஒரு பெயர் உண்டு. தஞ்சைவாணன் கோவை பாடிய புலவரின் பெயர் பொய்யாமொழிப் புலவர்.

இலக்கணத்திலும் ஒரு வசதி இருக்கிறது. ‘பொய்த்த மழை’ என்றால் நேற்றைய கதை, ‘பொய்க்கிற மழை’ என்றால் இன்றையது. ‘பொய்யா’ என்று எதிர்மறையாக்கிவிட்டால் காலம் காட்டும் உறுப்பே அதில் இல்லை. நேற்றும் பொய்க்கவில்லை, இன்றும் இல்லை, நாளையும் பொய்க்காது என்று மூன்று காலத்துக்கும் சேர்த்துச் சொல்கிறது. ஆங்கிலம் முன்னால் ஒரு துண்டும் பின்னால் ஒரு துண்டும் ஒட்டிச் சொல்வதை, பொய்யா, தவறா, வழுவா என்று தமிழ் கடைசியில் வரும் ஒரு சின்ன ‘ஆ’ ஒலியில் சொல்லிவிடுகிறது. தமிழில் இதற்குச் சொல் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருப்பது இதனால்தான்.

தவறு, பிழை, வழு: மூன்றும் ஒன்றா?

இன்று கிட்டத்தட்ட ஒன்றாகவே புழங்குகின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு படம் இருக்கிறது.

‘தவறு’ அடிப்படையில் பிடி நழுவுவது. கைதவறி டம்ளர் விழுகிறது, கால் தவறிப் படியில் உருள்கிறோம், பேருந்தைத் தவறவிடுகிறோம். ‘தவறாமல் வந்துவிடுங்கள்’ என்று கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போது சொல்கிறோமே, அதையே ஆங்கிலத்தில் ‘வித்அவுட் ஃபெயில்’ என்பார்கள். மறுபடி அதே ஃபல்லெரெ. ‘சொன்ன சொல் தவறாதவர்’ என்பதும் இங்கேதான் சேரும்.

‘பிழை’யில் எனக்குத் தனிப் பிரியம். பிழைத்தல் என்றால் தவறுதலும் உண்டு, உயிரோடு தப்புதலும் உண்டு. ஒரே சொல் எப்படி இப்படி இரண்டு பக்கம் போகும்? 772ஆம் குறளைப் பாருங்கள்: ‘கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது’. காட்டு முயலைத் தைத்த அம்பைவிட, யானைமேல் எறிந்து குறி தப்பிய வேலைக் கையில் ஏந்துவது இனிது. இங்கே பிழைத்தது வேல். அந்த யானையின் இடத்தில் நின்று பார்த்தால்? வேல் பிழைத்ததால் யானையும் பிழைத்தது. ‘தப்பு’ என்ற சொல்லும் இதே போலத்தான்: தப்பு செய்தான், தப்பிவிட்டான்.

‘வழு’ வழுக்குதல். தரை ஈரமாக இருந்தால் நிற்பதற்குள் கால் வழுக்கிவிடுகிறதே, அதே வழு. இலக்கணக்காரர்கள் இதை எடுத்து நுணுக்கமாக வேலை செய்திருக்கிறார்கள். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு இடத்தில் பேச்சு வழுக்கலாம் என்று நன்னூல் கணக்கிடுகிறது. வழுக்காமல் பேசினால் வழாநிலை. வழுக்கியும் ஏற்றுக்கொள்ளத் தக்கதாக இருந்தால் வழுவமைதி. அதற்கு உரைகாரர்கள் தரும் உதாரணம், தன் பசு வருவதைப் பார்த்த மகிழ்ச்சியில் ஒருவர் ‘என் அம்மை வந்தாள்’ என்பது. பசு அஃறிணை, ‘வந்தது’ என்றுதான் இருக்க வேண்டும். ஆனால் அன்பினால் வந்த தவறு ஆதலால் அது தவறில்லை என்று இலக்கணமே விட்டுக்கொடுக்கிறது. தவறே கூடாது என்று அடம்பிடிக்காத ஓர் இலக்கணம்! அதைக் கற்றுக்கொடுத்த ஆசிரியரை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

போப்பைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் ஏன் வருகிறது?

உலகத்தில் இந்தச் சொல் அதிகம் விவாதிக்கப்பட்ட இடம் அதுதான். தமிழ்க் கத்தோலிக்கர் இதை ‘வழுவா வரம்’ என்பார்கள். ‘தவறா வரம்’ என்றும் எழுதுவது உண்டு.

1869 டிசம்பர் 8 அன்று ரோமில் முதல் வத்திக்கான் சங்கம் கூடியது. திருத்தந்தை (போப்) ஒன்பதாம் பயஸ் காலம். திருத்தந்தைக்கு வழுவா வரம் உண்டு என்று கோட்பாடாக அறிவிக்கலாமா என்பதில் ஆயர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. 1870 ஜூலை 13 அன்று நடந்த முன்னோட்ட வாக்கெடுப்பில் 451 பேர் ஆதரித்தார்கள், 88 பேர் எதிர்த்தார்கள், 62 பேர் திருத்தங்களோடு ஏற்கலாம் என்றார்கள். எதிர்த்தவர்களில் பலர், திருத்தந்தையின் முகத்துக்கு நேராக ‘இல்லை’ என்று சொல்ல மனமில்லாமல், இறுதி வாக்கெடுப்புக்கு முன்பே ரோமை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஜூலை 18 அன்று புனித பேதுரு பேராலயத்துக்கு மேலே இடியும் மின்னலுமாக இருந்த வேளையில் வாக்கெடுப்பு நடந்தது. 533 பேர் ஆம் என்றார்கள். இரண்டே பேர் இல்லை என்றார்கள்: இத்தாலியின் கயாட்சோ ஆயர் ரிச்சியோ, அமெரிக்காவின் லிட்டில் ராக் ஆயர் ஃபிட்ஸ்ஜெரால்டு. முடிவு அறிவிக்கப்பட்டதும் அந்த இருவரும் கோட்பாட்டை ஏற்றுக்கொண்டார்கள். மறுநாள் பிரஷ்யா மீது பிரான்ஸ் போர் அறிவித்தது. செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்தது. சங்கம் பாதியில் நின்றுபோனது.

எல்லோரும் ஏற்கவில்லை. ஜெர்மானிய இறையியலாளர் டோலிங்கர் ஏற்க மறுத்து 1871இல் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். பழைய கத்தோலிக்கர் என்ற தனிப் பிரிவே இந்த எதிர்ப்பிலிருந்து உருவானது.

அப்படியானால் போப் சொல்வது எல்லாமே தவறாதது என்று கத்தோலிக்கர் நம்புகிறார்களா?

இல்லை. இந்தச் சொல்லைப் பற்றிப் பரவலாக இருக்கும் தப்பான எண்ணம் இது. நாளை மழை வரும் என்று அவர் சொன்னால் அது பொய்க்கலாம். ஒரு பேட்டியில் வருடத்தை மாற்றிச் சொல்லலாம். வழுவா வரம் பொருந்துவது, அனைத்துத் திருச்சபைக்கும் ஆசிரியர் என்ற அதிகாரத்தோடு, விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றிய ஒன்றை இறுதியாக வரையறுத்து அறிவிக்கும்போது மட்டும். அதற்கு ‘எக்ஸ் கத்தேட்ரா’ என்று பெயர்; இருக்கையிலிருந்து என்று பொருள், ஆசிரியருக்கான இருக்கை.

1870க்குப் பிறகு இந்த முறையில் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது ஒன்றே ஒன்று: 1950 நவம்பர் 1 அன்று பன்னிரண்டாம் பயஸ் அறிவித்த மரியாவின் விண்ணேற்பு, அதாவது மரியா உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பது. அதற்கு முன் 1854இல் அறிவிக்கப்பட்ட மரியாவின் அமல உற்பவத்தையும் (அவர் கருவான நொடியிலேயே பாவமாசு இல்லாதவர் என்பதையும்) சேர்த்து எண்ணுவது வழக்கம்.

‘வரம்’ என்ற மொழிபெயர்ப்பை நான் மிகவும் மதிக்கிறேன். வரம் என்றால் வெளியிலிருந்து கொடுக்கப்பட்டது. வாங்கியவரின் சொந்தத் திறமை இல்லை. இறையியலார் பக்கம் பக்கமாக விளக்கும் ஒன்றை, மொழிபெயர்த்தவர் ஒரே சொல்லில் வைத்துவிட்டார்.

தவறாதவர் என்றால் பாவமே செய்யாதவர் என்றும் ஆகுமா?

ஆகாது. அதற்கு ‘இம்பெக்கபிள்’ என்று வேறு சொல்; பாவம் செய்தல் என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. இன்று ஆங்கிலத்தில் மடிப்புக் கலையாத உடையைக்கூட இம்பெக்கபிள் என்கிறார்கள். திருத்தந்தையர்களும் தங்கள் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருளடையாளத்தைப் பெறுகிறார்கள்.

இஸ்லாத்தில் இதற்கு இணையான சொல் உண்டா?

உண்டு. அரபியில் ‘இஸ்மத்’, அந்த நிலையில் இருப்பவர் ‘மஃஸூம்’. இந்த வேரின் பொருள் பாதுகாத்தல், தடுத்துக்காத்தல். மஃஸூம் என்றால் நேர்ப்பொருளில் பாதுகாக்கப்பட்டவர். நபிமார்கள் மஃஸூம்கள் என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. அதன் எல்லை எதுவரை என்பதில் அறிஞர்களிடையே விளக்கங்கள் உண்டு. ஷியாக்களில் பன்னிரு இமாம் வழியினர் நபிகள் நாயகம், அவர் மகள் ஃபாத்திமா, பன்னிரண்டு இமாம்கள் எனப் பதினான்கு பேரை மஃஸூம்களாகக் கொள்கிறார்கள்.

இந்தியில் ஒன்றும் அறியாத குழந்தையை ‘மாசூம்’ என்கிறார்களே, அதுவும் இதே சொல்தான். அரபி ‘காக்கப்பட்டவர்’ என்கிறது, தமிழ்க் கத்தோலிக்கர் ‘வரம்’ என்கிறார்கள். இரண்டிலும், மனிதர் தானாகத் தவறாமல் இருக்கிறார் என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நீதிமன்றத் தீர்ப்பு தவறாததா?

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ராபர்ட் ஜாக்சன் 1953இல் ஒரு தீர்ப்பில் எழுதியதை இதற்கு எடுத்துக்காட்டுவார்கள். நாங்கள் தவறாதவர்கள் என்பதால் எங்கள் தீர்ப்பு இறுதியானது என்றில்லை. எங்கள் தீர்ப்பு இறுதியானது என்பதால்தான் நாங்கள் தவறாதவர்கள் ஆகிறோம் என்பது அதன் சாரம். நேர்மையான வாக்குமூலம். இந்திய உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மறுஆய்வு செய்ய அரசமைப்பின் 137ஆம் பிரிவு வழிவிடுகிறது. அதுவும் தள்ளுபடியான பிறகு கடைசியாக ‘கியூரேட்டிவ்’ மனு என்ற குறைதீர் மனுவுக்கு 2002இல் அந்த நீதிமன்றமே இடம் கொடுத்தது. இறுதி என்று எழுதிய பிறகும், தவறியிருக்கலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

‘இன்ஃபேலிபிள்’ மருந்து, ‘இன்ஃபேலிபிள்’ வழி என்றெல்லாம் எழுதுகிறார்களே?

அங்கே அது பலன் தவறாத என்ற அளவில் நிற்கிறது. அதற்குத் தமிழில் ‘கைகண்ட மருந்து’ என்று அருமையான வழக்கு இருக்கிறது. கையால் கொடுத்து, பலனைக் கண்ணால் கண்ட மருந்து. ‘ராமபாணம்’ என்றும் சொல்வார்கள். ராமன் விட்ட அம்பு குறி தவறாது.

இன்னொரு சொல்லும் இங்கே ஒளிந்திருக்கிறது: ‘அமோகம்’. வடமொழியில் மோகம் என்ற சொல்லுக்கு வீண் என்று ஒரு பொருள் உண்டு. ஆசை என்று பொருள்படும் மோகம் வேறு. அமோகம் என்றால் வீண்போகாதது, குறி தவறாதது. ராஷ்டிரகூட அரசன் அமோகவர்ஷன் பெயரில் இருப்பது, வீண்போகாத மழை. தமிழுக்கு வந்த பிறகு அது ‘அமோக விளைச்சல்’, ‘அமோக வெற்றி’ என்று மிகுதியைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. யோசித்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மழை தவறவில்லை என்றால் விளைச்சல் அமோகம்தானே.

கணினி, இயந்திரம் இவையாவது இன்ஃபேலிபிளா?

எங்கள் தெருக் காய்கறிக் கடையில் ஒரு நாள் மின்னணுத் தராசு காலியாக இருக்கும்போதே 40 கிராம் காட்டியது. நான் சொன்னதும் கடைக்கார அண்ணன், “மெஷின் தப்பு சொல்லாதுங்க” என்றார், உண்மையாகவே நம்பிக்கொண்டு. பிறகு குனிந்து பார்த்தார். தட்டின் அடியில் ஒரு வெண்டைக்காய்க் காம்பும், நசுங்கிய தக்காளித் தோலும், ஈர மண்ணும் அப்பிக்கொண்டிருந்தன. துடைத்ததும் பூஜ்யம் வந்தது. அன்று எனக்கு முன்னால் வாங்கிப் போன அம்மாவைக் கூப்பிட்டு இரண்டு தக்காளி கூடுதலாகக் கொடுத்தார்.

இயந்திரம் தன் மேல் இருந்ததைத்தான் நிறுத்தது. உள்ளே போவது தவறினால் வெளியே வருவதும் தவறும். கணினிக்கும் இதுவே கதை. கடைத் தராசுகளைக் காலம் தவறாமல் சோதித்து முத்திரை வைக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதே, தராசை யாரும் பொய்யாதது என்று எண்ணிவிடக் கூடாது என்பதால்தான்.

தமிழ் மரபில் தவறவே தவறாதவர் என்று யாராவது உண்டா?

கடவுளைக்கூட எளிதில் விடவில்லை நாம். தருமிக்காக இறைவனே எழுதிக் கொடுத்த பாடல், குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு, ‘கொங்குதேர் வாழ்க்கை’. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டு என்ற பொருளில் குற்றம் இருக்கிறது என்று நக்கீரர் எழுந்து சொன்னதாகத் திருவிளையாடல் கதை. ‘நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமே’ என்பது ஊரெல்லாம் தெரிந்த வசனம். கதை முடிவில் நக்கீரர் பணிந்துவிடுகிறார் என்பதும் உண்மை. ஆனால் மக்கள் மனதில் தங்கியது அவர் எழுந்து நின்ற அந்த நொடிதான்.

வள்ளுவர் 503ஆம் குறளில் இதை இன்னும் நிதானமாகச் சொல்கிறார்: ‘அரியகற்று ஆசற்றார் கண்ணும் தெரியுங்கால் இன்மை அரிதே வெளிறு’. அரிய நூல்களைக் கற்றுக் குற்றம் நீங்கியவர்களிடம்கூட, உற்றுப் பார்த்தால், அறியாமை இல்லாமல் இருப்பது அரிது. ஒருவரை வேலைக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பேசும் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் வருகிறது இது. பொதுமக்கள் மொழியில் கேட்டால், யானைக்கும் அடி சறுக்கும்.

எதிர்ச்சொல்?

‘ஃபேலிபிள்’, தவறக்கூடிய. நம் அறிவு எதுவும் திருத்தத்துக்கு அப்பாற்பட்டது இல்லை என்ற தத்துவப் பார்வைக்கு ‘ஃபேலிபிலிசம்’ என்று பெயர் வைத்தவர் அமெரிக்கத் தத்துவவாதி சார்ல்ஸ் சாண்டர்ஸ் பியர்ஸ்.

சரி, தமிழில் எழுதும்போது எதை எடுப்பது?

இடம் பார்த்து. கத்தோலிக்கக் கோட்பாடு என்றால் ‘வழுவா வரம்’; அதை மாற்ற வேண்டியதில்லை. இஸ்லாமியச் சூழலில் ‘மஃஸூம்’ என்றே எழுதி, முதல் தடவை மட்டும் பொருள் சொல்லலாம். மருந்துக்குக் ‘கைகண்ட’. ஒரு பரிசோதனையோ கணக்கு முறையோ என்றால் ‘பிழைக்கு இடமில்லாத’. ஒரு மனிதரைப் பற்றிய கிண்டல் என்றால் ‘தப்பே செய்யாதவர் மாதிரி’ என்பது பேச்சுக்கு நெருக்கம்.

வாக்கு, மழை, ஆறு, கிணறு என்று எதையாவது நம்பி ஒருவர் காத்திருக்கும் இடம் என்றால் ‘பொய்யா’ அல்லது ‘பொய்க்காத’. போன வாரம் ஒரு கட்டுரையில், கடும் வறட்சியிலும் வற்றாத ஊர்க் கிணறு ஒன்றைப் பற்றி இந்த ஆங்கிலச் சொல் வந்தது. ‘தவறிழைக்காத கிணறு’ என்று முதலில் எழுதி, அடித்துவிட்டு, ‘எந்தக் கோடையிலும் பொய்க்காத கிணறு’ என்று எழுதினேன்.